நகத்தோரத்தில் ஒரு மில்லிமீட்டர்: தந்துகிகளைப் பார்த்து எண்ணப் பழகுவது எப்படி?

இடது கை மோதிர விரலின் நகம் தோலுக்குள் புகும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகத்தோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய சவ்வு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அதற்குப் பின்னால் லேசாகப் பளபளக்கும் ஒரு தோல் மடிப்பு. வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 200 மடங்கு பெரிதாக்கினால், கொண்டை ஊசிகளை அடுத்தடுத்துச் செருகி வைத்தது போலச் சிவந்த வளைவுகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு தந்துகி, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாய். ஒரு காலில் இரத்தம் ஏறி, நுனியில் வளைந்து, மறு காலில் இறங்கிச் சிரையை நோக்கிப் போகிறது. ஃபோகஸ் நன்றாக அமைந்தால் உள்ளே இரத்தம் ஊர்வதும் தெரியும். முதல் தடவை பார்த்தபோது வந்த வேலையை மறந்து ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

இந்தப் பரிசோதனைக்குக் கேப்பிலரோஸ்கோப்பி என்று பெயர். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. வாதநோய்ப் பிரிவில் சில வருடங்களாக இதைச் செய்தும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். பிரிவில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள், டெக்னீஷியன்கள், உடலியங்கியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆர்வத்துக்காக வீட்டில் யு.எஸ்.பி. நுண்ணோக்கி வாங்கியவர்களும் படிக்கலாம். ஆனால் அதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம்.

ஏன் நகத்தோரம்?

தந்துகிகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. ஆனால் மற்ற இடங்களில் அவை தோலின் மேற்பரப்பை நோக்கிச் செங்குத்தாக நிற்கின்றன. நாற்றங்காலை நேர் மேலிருந்து பார்ப்பது மாதிரிதான். நுனி மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நகமடிப்பின் விளிம்பில் அவை படுத்துவிடுகின்றன, காற்றில் சாய்ந்த பயிர் போல. அதனால் முழு நீளமும் கண்ணுக்குக் கிடைக்கிறது. கண்ணின் விழித்திரை, நாக்கின் அடிப்பக்கம் போன்ற வேறு ஜன்னல்களும் உண்டு. அவற்றுக்கு வேறு கருவியும் வேறு பயிற்சியும் வேண்டும். இங்கே விரலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் எழுதியபோது, தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகத் தந்துகிகளைப் பார்த்தார். மனிதத் தோலில் அவற்றைப் பார்க்கத் தடையாக இருந்தது தோலின் மேல் அடுக்கு ஒளியைச் சிதறடிப்பதுதான். எண்ணெய் விட்டால் அந்தத் தடை விலகும் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடிபட்டது. 1920-இல் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோவுக்குக் கிடைத்த நோபல் பரிசும் தந்துகி ஆய்வுக்குத்தான். இன்று நாம் தேடும் அசாதாரண வடிவங்களை வாதநோய்களோடு முறையாகப் பொருத்திப் பார்க்கும் வேலை 1970-களில் ஹில்டகார்ட் மாரிக் போன்றவர்களால் வேகம் பிடித்தது.

யாருக்குப் பார்க்கிறோம்?

பெரும்பாலும் ரேனோ உள்ளவர்களுக்கு. குளிரிலோ மன அழுத்தத்திலோ விரல்கள் திடீரென வெள்ளைவெளேர் என்று வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, அப்புறம் சிவந்து பழைய நிலைக்குத் திரும்பும். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-இல் இதை விவரித்தார். நம் ஊர் வெயிலில் இது எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஏ.சி. அலுவலகம், ஃபிரீசருக்குள் கையை விடும் வேலை, கொடைக்கானல் பயணம் என்று ஏதாவது ஒன்றில் வெளிப்பட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்கு அது அதோடு போகும். இரத்தக் குழாய் கொஞ்சம் அதிகமாகக் குளிருக்குப் பயப்படுகிறது, அவ்வளவே. சிலருக்கு மட்டும் பின்னால், தோலை இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா மாதிரி ஒரு நோய் ஒளிந்திருக்கும். தோல் இறுகுவதற்கு வருடக்கணக்கில் முன்னதாகவே நகத்தோரத் தந்துகிகள் உருமாறத் தொடங்கிவிடலாம். இவர் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல உதவுவதில்தான் இந்தப் பரிசோதனையின் மதிப்பு இருக்கிறது. 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஸ்கிளீரோடெர்மா வகைப்பாட்டில் ரேனோவுக்கு 3 மதிப்பெண், அசாதாரண நகமடிப்புத் தந்துகிகளுக்கு 2 மதிப்பெண். மொத்தம் 9 வந்தால் அந்த நோய் என்று வகைப்படுத்தலாம். தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் உள்ளவர்களிடமும் ஏறக்குறைய இதே வடிவங்களைப் பார்க்கலாம்.

கருவி

மேலான தேர்வு வீடியோ கேப்பிலரோஸ்கோப். கையடக்கமான முனை, 200 மடங்கு லென்ஸ், உள்ளேயே விளக்கு, படம் நேராகக் கணினிக்கு வரும். விலை அதிகம். அது இல்லையென்றால் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பக்கவாட்டிலிருந்து குளிர் ஒளி பாய்ச்சிப் பார்க்கலாம். தோல் மருத்துவரின் பையில் இருக்கும் 10 மடங்கு டெர்மட்டோஸ்கோப்கூட உபயோகப்படும். பெருத்த தந்துகிகளும் தந்துகியே இல்லாத வெற்றிடங்களும் அதில் தெரிந்துவிடும், அளவெடுக்க மட்டும் முடியாது. அவசரத்துக்குக் கண் பார்க்கும் ஆப்தால்மாஸ்கோப்பில் லென்ஸை +20 அல்லது +40-க்குத் திருப்பி, எண்ணெய் விட்ட விரலுக்கு மிக அருகில் கொண்டுபோனாலும் பார்க்கலாம்.

யு.எஸ்.பி. நுண்ணோக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியில் 1000 மடங்கு, 1600 மடங்கு என்றெல்லாம் போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. இழுத்ததால் புதிதாக எதுவும் தெரியாது. உங்களுக்குத் தேவை இரண்டே விஷயம்: 1 மில்லிமீட்டர் அகலம் திரையை நிரப்ப வேண்டும், 20 மைக்ரான் தடிமனுள்ள கோடு மங்காமல் தெரிய வேண்டும் (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வாங்கும்முன் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள். அசையாத நல்ல ஸ்டாண்டும் வேண்டும். லென்ஸைவிட ஸ்டாண்ட் சொதப்பித்தான் பல படங்கள் கெடுகின்றன.

பச்சை ஒளி தரும் எல்.இ.டி.யோ பச்சை ஃபில்ட்டரோ இருந்தால் நல்லது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால் தந்துகிகள் கறுத்து எடுப்பாகத் தெரியும். நம் தோலில் மெலனின் கூடுதல், அதனால் படம் மங்கலாகத்தான் தொடங்கும். அதில் பதற ஒன்றுமில்லை. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் தோல் மெல்லிசாகவும் தெளிவாகவும் இருக்கும். அதிலும் அதிகம் வேலை செய்யாத கையின் சுண்டு விரலிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.

விரலைத் தயார் செய்வது

பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நுண்ணோக்கியைத் தொடுவதற்கு முன்னாலேயே முடிவு கெட்டுப்போயிருக்கும்.

நேரம் கொடுத்து வரச்சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்: நகப்பூச்சு கூடாது, இரண்டு மூன்று வாரத்துக்கு அழகு நிலையத்தில் நகச்சவ்வை வெட்டக் கூடாது, வரும் நாளில் காலையிலிருந்து புகையும் காபியும் கூடாது. இவை எல்லாம் புத்தகத்திலேயே இருக்கும். எங்களுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒன்று தீபாவளி முடிந்ததும் வரும்: மருதாணி. விரல் நுனியில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்ட மருதாணி நகமடிப்பின் மேல்தோலைச் செம்மண் நிறத்துக்கு மாற்றிவிடும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. அந்தத் தோல் உதிர்ந்து புதிது வரும் வரை, இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போட வேண்டியதுதான். வாழைப்பூ நறுக்கிய கறையும் இதே கதை. இப்போதெல்லாம் போனிலேயே கேட்டுவிடுகிறோம்.

வந்தவரை உடனே உட்காரவைத்துப் பார்க்காதீர்கள். அறையில் 15 முதல் 20 நிமிடம் சும்மா இருக்கட்டும். அறை வெப்பம் 20 முதல் 22 டிகிரி என்று வழிகாட்டிகள் சொல்லும். வெளியே 38 டிகிரி வெயிலில் பஸ் ஏறி வந்தவருக்கு அது குளிர்பதனக் கிடங்கு மாதிரி இருக்கும். ரேனோ உள்ளவர் என்றால் அங்கேயே விரல் வெளுத்துவிடும், அப்புறம் எதைப் பார்ப்பது? அதனால் நாங்கள் 23 டிகிரி அளவில் வைத்து, ஏ.சி. காற்று கையில் படாத இடத்தில் உட்கார வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே வெப்பம் இருக்க வேண்டும், அதைக் குறித்தும் வைக்க வேண்டும். முந்தின படத்தை 23-இலும் இந்தப் படத்தை 18-இலும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால் அதில் பொருள் இல்லை.

கையை இதயத்தின் உயரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொங்கவிட்டால் சிரைகள் நிறைந்து தந்துகி தடித்துத் தெரியும். மிக உயர்த்தினால் வடிந்துபோகும்.

எண்ணெய்

நகமடிப்பின் மேல் ஒரு சொட்டு. சாதாரணமாக நுண்ணோக்கிக்கான இம்மெர்ஷன் ஆயில் போதும். அது தீர்ந்துபோன ஒரு நாள் தேங்காய் எண்ணெய் விட்டேன்; ஏ.சி. அறையில் பாட்டில் நெய் மாதிரி உறைந்து நின்றது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் தோன்றவில்லை. விளக்கெண்ணெய் அதைவிட நல்லது. கெட்டி, சீக்கிரம் வழிந்து ஓடாது, கண்ணாடி போல இருக்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் வேலை ஒன்றே: வறண்ட மேல்தோலின் மேடுபள்ளங்களை நிரப்பி, ஒளி சிதறாமல் உள்ளே போய்த் திரும்ப விடுவது. விட்டவுடன் பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் ஊறட்டும். உள்ளே குமிழி சிக்கினால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். குமிழியைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்தால் பிறகு அது இரத்தக் கசிவா குமிழியா என்று நீங்களே உங்களோடு சண்டை போடுவீர்கள்.

விரல் நுனியில் புண் இருந்தால் அந்த விரலை விட்டுவிடுங்கள். தொடும் முனையுள்ள கருவியை ஒவ்வொருவருக்கும் இடையே ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அழுத்தாதீர்கள்

சேர்ந்த புதிதில் நடந்தது. பூ கட்டும் ஒரு அம்மா வந்திருந்தார். நான்கு விரல் பார்த்தேன். வரிசையாக 4, 3, 4, 4 என்று வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு 7-க்குக் குறைந்தால் குறைவு என்று அப்போதுதான் படித்திருந்தேன். முகம் இறுகிப்போய் எழுதிக்கொண்டிருந்ததை அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"என்ன தம்பி, எனக்கு ரத்தமே ஓடலையா?"

பதில் சொல்லத் தெரியாமல் மூத்த மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். "கொஞ்சம் தூக்குங்க" என்றார். கருவியின் முனையை விரலின் மேல் அழுத்திப் பிடித்திருந்தேன், படம் ஆடாமல் இருக்கட்டும் என்று. தூக்கியதும் திரையில் வெளுத்த இடத்தில் ஒவ்வொன்றாகச் சிவப்பு ஏறிற்று, பனியில் மறைந்த கம்பங்கள் வெளிவருகிற மாதிரி. மறுபடி எண்ணினால் 9, 8, 9, 8.

தந்துகிக்குள் அழுத்தம் மிகக் குறைவு. விரல் பட்டாலே நசுங்கும். தொடும் முனையாக இருந்தால் எண்ணெய் மட்டும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அளவுக்குத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். சந்தேகம் வந்தால் சற்றே தூக்கிப் பாருங்கள். எண்ணிக்கை கூடுகிறதா? அழுத்திக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

அளவுகோல்

திரையில் 1 மில்லிமீட்டர் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் எண்ணத் தொடங்கக் கூடாது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடித் தகடு கிடைக்கும். 1 மில்லிமீட்டரை 100 கோடுகளாகப் பிரித்திருப்பார்கள், கோட்டுக்குக் கோடு 10 மைக்ரான். அதே ஃபோகஸ் தூரத்தில் அதைப் படமெடுங்கள். 1 மில்லிமீட்டர் 900 பிக்ஸல் வந்தால் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 1.1 மைக்ரான். அப்போது 20 மைக்ரான் என்பது 18 பிக்ஸல், 50 மைக்ரான் என்பது 45 பிக்ஸல். இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவிடுங்கள், தினமும் தேவைப்படும். ஜூம் வளையத்தைத் தொட்டால் கணக்கு மாறிவிடும். எங்கள் கருவியில் அந்த வளையத்தை டேப் போட்டு ஒட்டியே வைத்திருக்கிறோம்.

எண்ணுவது

இரண்டு கைகளிலும் கட்டைவிரல் தவிர எட்டு விரல்கள். ஒவ்வொரு விரலிலும் நகமடிப்பின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு படங்கள், ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அகலம். ஓரங்களில் தந்துகிகள் சாய்ந்தும் நெருங்கியும் கிடக்கும். அதைத் தவிர்க்கத்தான் நடுப்பகுதி.

எண்ண வேண்டியது முன்வரிசையை மட்டும், அதாவது நகத்துக்கு மிக அருகில் இருக்கும் வரிசையை. பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளின் நுனிகளும் எட்டிப் பார்க்கும். புதியவர்கள் அவற்றையும் சேர்த்து 15 என்பார்கள், அல்லது பயந்து விட்டுவிட்டு 5 என்பார்கள். இதற்கு ஒரு எளிய கோண முறை இருக்கிறது. சந்தேகமான தந்துகியின் நுனியிலிருந்து இடப்பக்கத்துத் தந்துகியின் நுனிக்கு ஒரு கோடு, வலப்பக்கத்துத் தந்துகியின் நுனிக்கு ஒரு கோடு இழுங்கள். இரண்டும் சேருமிடத்தில் கோணம் 90 டிகிரிக்கு மேல் விரிந்திருந்தால் அது முன்வரிசைதான், எண்ணலாம். அதைவிடக் குறுகலாக இருந்தால் பின்வரிசைக்காரர், விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் படத்தை அச்செடுத்துப் பென்சிலால் கோடு போட்டே பழகுங்கள். ஐம்பது படம் போனபிறகு கண்ணே கோணத்தைப் பார்த்துவிடும்.

வளைந்து நெளிந்து தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டாலும் ஒரு தந்துகி ஒன்றுதான். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்த மாதிரி தெரிந்தால் ஃபோகஸை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். பாதி நேரம் இரண்டு வேறு வேறு தந்துகிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்.

பெரியவர்களுக்கு மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு. குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், அவர்களுக்குப் பெரியவர் அளவுகோலை அப்படியே வைக்காதீர்கள்.

தடிமனும் வடிவமும்

இயல்பான தந்துகியின் நுனி, அதாவது வளைவின் உச்சி, 20 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு சிவப்பணுவே 7, 8 மைக்ரான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு குறுகிய சந்து என்று புரியும். இறங்கும் கால் ஏறும் காலைவிடக் கொஞ்சம் தடிமனாக இருப்பது சாதாரணம். 20-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் விரிந்தது. 50 மைக்ரானும் அதற்கு மேலும் போனால் ராட்சதத் தந்துகி. இந்த ராட்சதனை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். மற்றவை நூலிழை மாதிரி இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வீங்கிய முறுக்கு மாதிரி உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு உடனே பட்டாலும் அளந்துவிட்டே எழுதுங்கள். 38 மைக்ரானை ராட்சதம் என்று எழுதி, ஒருவரை ஆறு மாதம் தூக்கமில்லாமல் செய்ய வேண்டாம்.

வடிவத்தில் நிறையவே இயல்புதான். கொண்டை ஊசி மாதிரி நேராக இருக்கலாம், பாம்பு மாதிரி நெளியலாம், ஓரிரு தடவை குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். நுனி வெளிப்பக்கம் குவிந்திருந்தால் போதும். நுனி உள்ளே குழிந்திருந்தாலோ, செடி மாதிரி பல கிளை விட்டிருந்தாலோ அசாதாரணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளை விடுவது, அழிந்துபோன குழாய்களுக்குப் பதிலாக உடம்பு அவசர அவசரமாகப் புதிது போட்டதன் அடையாளம்.

இரத்தக் கசிவு தந்துகி நுனிக்கு முன்னால் கரும்புள்ளியாகவோ தொப்பி மாதிரியோ தெரியும். நகம் வளர வளர அந்தத் தோலும் முன்னே நகரும், பழைய கசிவு பழுப்பாகி நகச்சவ்வு வரை தள்ளிப் போய் உதிர்ந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கசிவு என்றதும் நோய் என்று நினைத்துவிடுவோம். நகம் கடிப்பவர்கள், இரும்பு நாரால் பாத்திரம் தேய்ப்பவர்கள், களை பிடுங்குபவர்கள், தறி வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஓரிரு கசிவுகள் இருக்கும். நான் முதலில் கேட்கும் கேள்வி "என்ன வேலைங்க?" என்பதுதான். ஒரே விரலில், அதுவும் வேலைக் கையில் மட்டும் இருந்தால் அடிபட்டிருக்கும். பல விரல்களில், ராட்சதத் தந்துகிகளோடு சேர்ந்து வந்தால் விஷயம் வேறு.

படத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலாரின் நுண்சுழற்சிக் குழுவினர் தொடங்குபவர்களுக்காக ஒரு விரைவு முறையை வகுத்திருக்கிறார்கள். மூன்றே விதி. ஒன்று, மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேல் இருந்து ராட்சதம் ஒன்றுகூட இல்லையென்றால் ஸ்கிளீரோடெர்மா வடிவம் அல்ல. இரண்டு, ராட்சதம் இருந்தாலோ, எண்ணிக்கை 3 அல்லது அதற்கும் கீழே விழுந்து கூடவே அசாதாரண வடிவங்களும் இருந்தாலோ ஸ்கிளீரோடெர்மா வடிவம். மூன்று, இந்த இரண்டிலும் சேராதவை எல்லாம் முதல் கூடைக்கே போகும்.

மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணிக்கை 5, ஒன்றிரண்டு விரிந்த தந்துகி, கொஞ்சம் நெளிவு, ஒரு கசிவு. புதியவருக்குக் கை துறுதுறுக்கும், ஏதாவது பெயர் வைத்துவிடலாம் என்று. விதி அதைத் தடுக்கிறது: பார்த்ததை எழுது, ஸ்கிளீரோடெர்மா என்று எழுதாதே. சர்க்கரை நோய், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஒரு நோய்), இரத்த அழுத்தம் என்று பலவற்றிலும் நெளிவும் விரிவும் வரலாம், ஒன்றுமே இல்லாதவரிடமும் இருக்கலாம். முகாம் போட்டு விரலைத் திரையில் காட்டி, "பாருங்க, வளைஞ்சிருக்கு, ரத்தம் கெட்டிருக்கு" என்று சத்து மாத்திரை விற்பவர்களின் மொத்த வியாபாரமும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. நெளிந்த தந்துகிக்கு மாத்திரை கிடையாது. நெளிவது அதன் சுபாவம்.

ஸ்கிளீரோடெர்மா வடிவம்தான் என்று உறுதியானால், அதற்குள் மூன்று கட்டங்கள் உண்டு. இத்தாலியின் மௌரிசியோ குட்டோலோ குழுவினர் 2000-இல் வகுத்தது. தொடக்கத்தில் சில ராட்சதங்களும் சில கசிவுகளும் இருக்கும், வரிசை குலைந்திருக்காது, எண்ணிக்கையும் பெரிதாகக் குறைந்திருக்காது. அடுத்து ராட்சதங்களும் கசிவுகளும் நிறைந்து, நடுநடுவே தந்துகிகள் காணாமல் போகத் தொடங்கும். கடைசியில் ராட்சதங்கள்கூட அபூர்வமாகிவிடும். பெரிய பெரிய வெற்றிடங்கள், அங்கங்கே கிளைவிட்ட புதர்கள். கடைசிக் கட்டத்துப் படம் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும், அதுதான் அதில் ஏமாற்று. ராட்சதம் இல்லையே என்று ஒருவர் இயல்பு என்று எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். எண்ணியிருந்தால் 2 வந்திருக்கும்.

எதுவுமே தெரியவில்லை என்றால்

இரத்தசோகை, விரல் வீக்கம், தடித்த தோல், நடுங்கும் கை இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். எட்டில் நான்கு விரல்தான் தெரிந்தது என்றால் நான்கு விரல் என்றே எழுதுங்கள். தெரியாத படத்தில் தந்துகி இல்லை என்று எழுதுவது மிகப் பெரிய தப்பு. இல்லாததும் தெரியாததும் வேறு வேறு. வெற்றிடம் என்று எழுத வேண்டுமானால் அதற்கு இருபுறமும் உள்ள தந்துகிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

குறிப்பேடு

ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தேதி, கை, விரல், வரிசை எண் இருக்கட்டும். நாங்கள் "இ4-1" என்று எழுதுகிறோம்: இடது கை, நான்காவது விரல், முதல் படம். தாளில் அறை வெப்பம், கருவி, எத்தனை மடங்கு, எத்தனை விரல் தெரிந்தது, சராசரி எண்ணிக்கை, ராட்சதம் எத்தனை, கசிவு எத்தனை, எந்த விரலில், இவ்வளவும் வேண்டும். என்ன வேலை செய்கிறார் என்பதையும் ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.

பழக வேண்டுமென்றால் நோயாளிகளிடம் தொடங்காதீர்கள். வீட்டில் உள்ளவர்கள், நண்பர்கள், டீக்கடைக்காரர் என்று நல்ல உடம்போடு இருக்கும் இருபது பேரின் கைகளை முதலில் பாருங்கள். இயல்பு எவ்வளவு கோணல்மாணலாக இருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும். பத்துப் படத்தை ஒரு வாரம் கழித்துப் பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணுக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால் இன்னும் தனியாகக் கையெழுத்துப் போடும் நேரம் வரவில்லை.

முடிவை நோயாளியிடம் சொல்வது டெக்னீஷியனின் வேலை இல்லை. ஆனால் திரை அவர் கண்முன்னே இருக்கிறது, கேட்காமல் இருக்க மாட்டார். "உங்க விரல் நுனியிலே இருக்கிற சின்ன ரத்தக் குழாய்ங்க இதெல்லாம். எண்ணி எழுதித் தரேன், டாக்டர் ரத்தப் பரிசோதனையோட சேர்த்துப் பார்த்துச் சொல்வாங்க" என்று சொல்வேன். ஸ்கிளீரோடெர்மா வடிவம் வந்தால் ஏ.என்.ஏ. (உடம்பின் சொந்த அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது) போன்ற இரத்தப் பரிசோதனைகளும் நுரையீரல், இதயச் சோதனைகளும் தொடரும். அதை வாதநோய் மருத்துவர் முடிவு செய்வார். இயல்பாக வந்து ரேனோ மட்டும் இருந்தால், வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து மறுபடி வரச்சொல்வோம். அந்த முறையும் அதே விரல்கள், அதே அறை வெப்பம், டேப் ஒட்டிய அதே வளையம். வருகிற தேதி ஐப்பசியில் விழுந்தால் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்: மருதாணி வேண்டாம்.